புரட்டாசியில் பங்குக் கூடைத் தோட்டம்: துலா மழைக்கு முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

ஓணச் சந்தை முடிந்ததும் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, கொழிஞ்சாம்பாறை எனத் தமிழக, கேரள எல்லைப் பக்கம் காய்கறி விலை இறங்கிவிடும். மண்டியை நம்பி விளைவிப்பவருக்கு அது ஓய்வெடுக்கும் நேரம். முன்பணம் வாங்கிக்கொண்டு வாராவாரம் குடும்பங்களுக்குப் பங்குக் கூடை அனுப்புபவருக்கோ வேலையே அப்போதுதான் ஆரம்பம். ஆவணிக் கடைசிக்கும், துலா மழை எனும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி முதல் வாரத்துக்கும் இடைப்பட்ட ஆறு வாரத்தில் எதை, எந்த வரிசையில் செய்கிறோமோ அதை வைத்துத்தான் மார்கழி வரை கூடை நிறையும்.

இந்த வழிகாட்டி ஒரு ஏக்கர் தோட்டம், 25 குடும்பங்கள், வாரம் 5 கிலோ கூடை, ஐப்பசி முதல் மார்கழி வரை 12 வாரம் என்ற கணக்கில் எழுதப்பட்டது. உங்கள் அளவு வேறானால் பெருக்கிக்கொள்ளுங்கள், வகுத்துக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- ஆறு மாதமாவது மக்கிய தொழு உரம், சென்ட்டுக்கு 100 கிலோ வீதம். எல்லாப் பாத்திக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படாது.
- வேப்பம் புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா (நன்மை செய்யும் பூஞ்சை), சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா). பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பின்னிரண்டும் உயிருள்ள பொருட்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் வெறும் பொடிதான்.
- 98 குழி நாற்றுத்தட்டுகள், மக்கிய தென்னை நார்க்கழிவு, 50 சதவீத நிழல்வலை.
- முளைப்பு பார்த்த விதை. 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். 14க்குக் குறைவாக முளைத்தால் விதையைக் கூட்டிப் போடுங்கள். 10கூட முளைக்காவிட்டால் வேறு விதை வாங்குங்கள். விதைத்த பிறகு தெரிந்துகொண்டால் இரண்டு வாரம் போய்விடும், இந்தப் பட்டத்தில் அந்த இரண்டு வாரத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

1. கூடையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

புதிதாக வருபவர்கள் நிலத்திலிருந்து தொடங்குகிறார்கள்: இங்கே வெண்டை போடலாம், அங்கே கத்தரி போடலாம் என்று. கார்த்திகையில் ஒரே வாரத்தில் 60 கிலோ முள்ளங்கி வந்து நிற்கும், மறுவாரம் கூடையில் வைக்க எதுவும் இருக்காது. காகிதத்தில் முதலில் 12 வாரத்தை எழுதுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் எட்டு வகை. ஒவ்வொன்றின் நாள் கணக்கைக் கழித்து விதைப்புத் தேதிக்குப் போங்கள்.

தோராயமான நாட்கள்: சிறுகீரை, தண்டுக்கீரை 25, முள்ளங்கி 40 முதல் 45, வெண்டை 45 முதல் 50, தட்டைப்பயறு (பாலக்காட்டுப் பக்கம் அச்சிங்கா) 50, புடலை, பீர்க்கு, பாகல் 60 முதல் 70. கத்தரிக்கு நாற்றங்காலில் 30 முதல் 35 நாள், நட்ட பிறகு 55 முதல் 60 நாள். மேகமூட்டமான ஐப்பசியில் எல்லாவற்றுக்கும் ஐந்தாறு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி பரப்பளவு. வெண்டையை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 12 முதல் 15 டன் என்பது நல்ல பராமரிப்பில் வரும் மகசூல், அதாவது சென்ட்டுக்கு 50, 60 கிலோ. இயற்கை முறையில், மழையில், 35 கிலோ என்று எடுங்கள். ஏழு வாரக் காய்ப்பு என்றால் சென்ட்டுக்கு வாரம் 5 கிலோ. வீட்டுக்கு 400 கிராம் வீதம் 25 வீட்டுக்கு 10 கிலோ வேண்டும். ஆக, எந்த நேரத்திலும் 2 சென்ட் வெண்டை காய்ப்பில் இருக்க வேண்டும். ஆவணிக் கடைசியில் 2 சென்ட், அது ஓயும் முன் காய்க்கத் தொடங்கும்படி புரட்டாசிக் கடைசியில் இன்னொரு 2 சென்ட். 4 சென்ட்டையும் ஒரே நாளில் விதைப்பது எல்லோரும் செய்யும் தவறு.

கீரைக்கு வாரம் கால் சென்ட் போதும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வெட்ட வேண்டிய விதைப்புக்கு மட்டும் அரை சென்ட் ஆக்குங்கள், பாதியை மழை எடுத்துக்கொள்ளும்.

அட்டவணையை முடித்ததும் ஒரு ஓட்டை கண்ணில் படும்: ஐப்பசி இரண்டாம் வாரத்திலிருந்து கார்த்திகைப் பாதி வரை. ஆடிப்பட்டக் காய் ஓய்ந்திருக்கும், புரட்டாசிப் பட்டம் இன்னும் வந்திருக்காது. இந்த வாரங்களைப் புதிய விதைப்பால் நிரப்ப முடியாது. கையிருப்பும் மரமும் கிழங்கும்தான் வழி: மத்தன், வெண்பூசணி, மாசியில் நட்ட சேனை, சேம்பு, வாழைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, பப்பாளிக்காய், கொடிப்பசலை, முருங்கைக்கீரை, தேங்காய். வெண்பூசணியை ஆயுத பூஜைக்கு முன் வியாபாரி வந்து நல்ல விலை கேட்பார். கூடைக்கு வேண்டியதை எண்ணி ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். சேனையை இலை மஞ்சளாகிச் சாய்ந்த பிறகே தோண்டுங்கள். வெட்டுக்காயம் பட்ட கிழங்கை முதல் வாரமே அனுப்பிவிடுங்கள், அது வைத்தால் அழுகும்.

தக்காளியை ஐப்பசி, கார்த்திகைக் கூடைக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பழுக்கும் நேரத்தில் அடைமழை பெய்தால் பழம் வெடிக்கும், இலை கருகும். புரட்டாசிக் கடைசியில் நாற்று விட்டு ஐப்பசிக் கடைசியில் நட்டால் மார்கழி முடிவில் நல்ல பழம் வரும்.

2. நாற்றை முதலில் விடுங்கள்

நிலத்தைத் தயார் செய்துவிட்டு நாற்று விடலாம் என்று நினைப்பது இயல்பு. அப்படிச் செய்தால் கத்தரி நாற்று கைக்கு வரும்போது மழை தொடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. அதற்கு ஒரு வாரம் முன்பே நாற்று வேர் பிடித்திருக்க வேண்டும். ஆகவே ஆவணிக் கடைசி வாரத்தில் கத்தரி விதை தட்டில் விழ வேண்டும், மிளகாய்க்கு 40 நாள் ஆகும் என்பதால் அதற்கும் பத்து நாள் முன்பு. அந்த நாற்று வளரும் ஒரு மாதத்தில்தான் மற்ற வேலைகள்.

நார்க்கழிவு இந்தப் பகுதியில் எங்கும் மலிவாகக் கிடைக்கும், அதனாலேயே கவனம் தேவை. ஆலையிலிருந்து நேராக வரும் பச்சைக் கழிவில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கும்; நாற்று முளைத்து அப்படியே நின்றுவிடும். மக்கியது கருப்பாக, பிழிந்தால் நிறமில்லாத தண்ணீர் விடும். பழுப்புச் சாறு வந்தால் இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

தட்டுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ நார்க்கழிவு பிடிக்கும். விதையை அரை செ.மீ. ஆழத்தில் வைத்து மூடி, பூவாளியால் நனைத்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் திறந்து பாருங்கள். முதல் முளை தலை காட்டிய அன்றே பிரித்து நிழல்வலைக்குள் பரப்ப வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நாற்று வெளிறி நூலாக நீண்டுவிடும், அது பிறகு தேறாது.

நாற்றின் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நீர் கோத்துச் சுருங்கிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். மருந்தைத் தேடும் முன் தண்ணீரைக் குறையுங்கள். மேகமூட்ட நாளில் காலையில் ஒரு தடவை போதும். சாய்ந்ததைப் பிடுங்கிவிட்டு, லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் கரைத்து மற்றவற்றுக்கு ஊற்றுங்கள்.

3. வடிகால்: பாத்திக்கு முன்பு

ஒரு நாளில் கொட்டும் மழை பாத்தியில் மறுநாள் காலைவரை நின்றால் வேர் மூச்சுத் திணறும்; மூன்றாம் நாள் செடி வாடும். வாடியதைப் பார்த்துத் தண்ணீர் விடுபவர்களும் உண்டு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கக் கரிசலில் இது இரட்டிப்பு ஆபத்து, செம்மண்ணில் கொஞ்சம் மன்னிப்பு உண்டு.

தோட்டத்தின் தாழ்ந்த ஓரத்தில் ஒன்றரை அடி ஆழம், இரண்டடி அகலத்தில் முதன்மை வாய்க்கால் வெட்டுங்கள். பிறகே அதில் வந்து சேரும்படி பாத்திகளுக்கு இடையிலான கிளை வாய்க்கால்கள். வாட்டம் 100 அடிக்கு அரை அடி இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் மண் அரித்துக்கொண்டு போகும். கண்ணால் மட்டம் பார்க்காதீர்கள், தண்ணீர் நிரப்பிய தெளிகுழாய் வைத்துப் பாருங்கள்.

வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதை வெட்டும் முன் தீர்மானியுங்கள். பக்கத்துத் தோப்புக்குள் விட்டால் முதல் மழையிலேயே பேச்சு தடிக்கும். தோப்புக்காரரிடம் புரட்டாசியிலேயே பேசி, பொது ஓடைக்குப் போகும் வழியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டி முடித்ததும் மோட்டாரை அரை மணி ஓடவிட்டு மேட்டுப் பக்கத்தில் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஒரு மணி கழித்து எங்கே தேங்கி நிற்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாதவருக்கு முதல் மழை செய்து காட்டும்.

4. பழைய பயிரில் எதை எடுப்பது, எதை விடுவது

ஆடியில் காய்க்கத் தொடங்கி ஓய்ந்த வெண்டையைப் பிடுங்கிவிடுங்கள். மஞ்சள் நரம்பு நோய் வந்த செடியை வயலிலேயே போட வேண்டாம். வெள்ளை ஈ அங்கிருந்து புதுச் செடிக்குத் தாவும். புதிய வெண்டையைப் பழைய பாத்தியிலிருந்து முடிந்த அளவு தள்ளி, காற்று வரும் திசையில் போடுங்கள்.

கத்தரியைப் பிடுங்க வேண்டாம். நோயில்லாத செடியைத் தரையிலிருந்து ஓரடி விட்டுக் கவாத்து செய்து, எரு வைத்து, மண் அணைத்தால் ஒன்றரை மாதத்தில் மறுபடி காய்க்கும். மேலே சொன்ன ஓட்டையின் பின்பாதியை அடைப்பது இந்தக் கத்தரிதான். புது நாற்றுக் கத்தரி மார்கழிக்குத்தான் வரும். கவாத்தைப் புரட்டாசி முதல் வாரத்தில், வெயிலான நாளில் செய்யுங்கள். மழையில் வெட்டிய நுனி அழுகி இறங்கும்.

ஆடியில் போட்ட பந்தல் அவரையைப் பொறுமையோடு விட்டுவையுங்கள். வெறும் கொடியாகப் படர்கிறது என்று சலித்து வெட்டிவிடுகிறார்கள். பகல் குறுகும்போதுதான் அது பூக்கும்.

களையில் இரண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை போட்டுப் பிடுங்குங்கள். கோரை இருக்கும் இடத்தில் ரோட்டாவேட்டர் ஓட்டாதீர்கள். கிழங்கை நறுக்கிப் பரப்பி நீங்களே விதைத்ததாகிவிடும்.

5. எருவும் பாத்தியும்

90 கிலோ தொழு உரம், 10 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 1 கிலோ டிரைக்கோடெர்மா. மூன்றையும் நிழலில் கலந்து, ஈரமான சாக்கால் மூடி, வாரம் ஒரு முறை கிளறி, இரண்டு வாரம் வையுங்கள். பிடித்தால் உருண்டையாகும், சொட்டாது. அந்த ஈரம் போதும். மேலே வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் தயார். எருவை அவசரத்தில் பச்சையாகப் போட்டால் வேர்ப்புழுவும் களை விதையும் கூடவே வரும்.

கேரளப் பண்ணைக் குறிப்புகளில் சுண்ணாம்போ டோலமைட்டோ இடச் சொல்வார்கள். அது அங்குள்ள புளிப்பு மண்ணுக்கு. நம் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அப்படியே பார்த்துப் போட்டால் இலை வெளுக்கும். மண் பரிசோதனைச் சீட்டில் கார அமில நிலையைப் பார்க்காமல் சுண்ணாம்பை எடுக்காதீர்கள்.

பாத்தி ஒரு மீட்டர் அகலம், கால் மீட்டர் உயரம், இடையில் ஒன்றரை அடி நடைபாதை. இருபுறமிருந்தும் கை எட்ட வேண்டும். பாத்திமேல் கால் வைத்தால் வடிகால் வெட்டியது வீண். கரிசலில் பதம் முக்கியம்: ஒரு பிடி மண்ணை அழுத்தி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் வேலை செய்யலாம், அப்பளமாக ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

சணப்பு, தக்கைப்பூண்டு போட்டிருந்தால் பூ எடுத்ததும் மடக்கி உழுது இரண்டு வாரம் விடுங்கள். அழுகிக்கொண்டிருக்கும் தழையில் விதை அழுகும்.

6. விதைப்பு

துலா மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். ஆகவே சிறு விதையைக் காலையில் விதைத்து, உடனே மெல்லிய எருவால் மூடி, தென்னை ஓலை போர்த்துங்கள். சாயங்காலம் விதைத்த கீரை விதை மறுநாள் வாய்க்காலில் கிடக்கும். ஓலையை முளை கண்டதும் எடுத்துவிட வேண்டும்.

கீரை விதை சென்ட்டுக்கு 10 முதல் 15 கிராம்; பத்து மடங்கு மணலில் கலந்து தூவுங்கள். அடர்த்தியாகப் போட்டால் அதிகம் கிடைக்கும் என்ற எண்ணம் மழைக்காலத்தில் பலிக்காது, காற்றோட்டமில்லாமல் அடியிலை அழுகும். சிவப்புக் கீரையில் இலைக்கருகல் வாடிக்கை. பச்சை வகையான கோ 1 அதைத் தாங்கும். சிவப்பையும் பச்சையையும் வரிசை மாற்றி விதைத்தால் சிவப்பிலும் பரவுவது குறையும்.

வெண்டை 45க்கு 30 செ.மீ., குழிக்கு இரண்டு விதை. கத்தரி இரண்டடிக்கு இரண்டடி, நடும் முன் வேரை சூடோமோனாஸ் கரைசலில் அரை மணி நனைத்து, வெயில் தாழ்ந்து நடுங்கள். முள்ளங்கிக்குப் பாத்தி உதிரியாக இருக்க வேண்டும், கட்டியும் கல்லும் இருந்தால் கால் கையாகக் கிளைக்கும். வாரம் ஐந்தில் ஒரு பங்கு சென்ட் போதும்.

சின்ன வெங்காயத்தைக் கரிசலில் இந்தப் பட்டத்துக்கு நட வேண்டாம். நுனி கருகி, காய் அழுகி, நட்ட வெங்காயமும் திரும்ப வராது.

மூடாக்கு இரண்டு விரல் தடிமன் போதும், தண்டிலிருந்து மூன்று விரல் தள்ளி. கோடைக்குப் போடுவதுபோல் அரையடி போட்டால் அது நத்தைக்கு வீடு.

7. பந்தல்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றில் பந்தல் கம்பி தொய்ந்திருக்கும். காற்று ஓய்ந்த இந்த நேரத்தில் இழுத்துக் கட்டுங்கள். கொடி ஏறிய பிறகு கம்பியைத் தொட்டால் கொடி முறியும். நனைந்த கொடி காய்ந்த கொடியைவிடக் கனம், ஓரக் கல்காலுக்கு வெளிப்பக்கம் தாங்கு கம்பி கட்டாயம்.

8. நத்தை, பழ ஈ

பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒரே இரவில் ஒரு பாத்தி நாற்றை முடித்துவிடும். மழை தொடங்கும் முன்பே பொறி வையுங்கள்: நனைத்த சாக்குக்குள் பப்பாளி இலையோ கோஸ் இலையோ போட்டுப் பாத்தி ஓரத்தில் இரவு வைத்து, விடியுமுன் எடுங்கள். வெறும் கையால் தொடக் கூடாது. அதிலுள்ள புழு மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும். வாளியில் கெட்டியான உப்புநீரில் போட்டுக் கொன்று குழியில் புதையுங்கள். உப்பை மண்மேல் தூவாதீர்கள், நத்தை சாகும், பாத்தியும் சாகும். நத்தை வந்த தோட்டத்துக் கீரையை நன்றாக அலசிச் சமைக்கும்படி ஒரு சீட்டு கூடையில் போகட்டும்.

புடலை, பாகல், பீர்க்குக்குப் பழ ஈ. பூ எடுக்கும்போதே இனக்கவர்ச்சிப் பொறி தொங்க வேண்டும். காய் கோணிய பிறகு வைத்துப் பயனில்லை. குத்துப்பட்டு விழுந்த காயைப் பொறுக்கிப் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். குப்பைக்குழியில் போட்டால் அதுவே ஈ உற்பத்தி.

9. பறிப்பதும் கூடை கட்டுவதும்

மழை பிற்பகலில் வருவதால் நேரக்கணக்கு இது: விடியலில் பறிப்பு, 10 மணிக்குள் கட்டு, 11 மணிக்கு வண்டி. கோயம்புத்தூரோ பாலக்காடோ, எதுவும் பொள்ளாச்சியிலிருந்து ஒன்றரை மணிப் பயணத்துக்குள்தான்.

வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறியுங்கள். நுனி ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். கூடை நாளுக்கு மட்டும் பறித்தால் பாதி முற்றிப்போகும். முற்றிய காயைச் செடியில் விட்டால் செடி காய்ப்பை நிறுத்தும். கழுவ வேண்டாம், கழுவினால் கறுக்கும்.

முள்ளங்கி இலையை வெட்டி எடுத்துவிட்டு அனுப்புங்கள். இலை கிழங்கின் நீரை இழுத்துவிடும், மாலைக்குள் வதங்கும். இலையைத் தனிக் கட்டாகக் கொடுத்தால் பொரியலுக்கு ஆகும்.

கீரை வேரிலுள்ள சேற்றை மட்டும் அலசி, நிழலில் நீர் வடியவிட்டு, வாழையிலையில் சுற்றுங்கள். இலை நனைந்தபடி கட்டினால் வீடு சேரும்போது கொழகொழத்திருக்கும். பழுக்கும் வாழைப்பழத்தையோ தக்காளியையோ கீரையோடு வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் வாயு கீரையை மஞ்சளாக்கும்.

அடியில் பூசணித்துண்டு, சேனை. அதன்மேல் கத்தரி, முள்ளங்கி. பயறும் வெண்டையும் அதற்கு மேல், கீரை ஓரத்தில் நிமிர்ந்து. மத்தனை இரண்டு அங்குலக் காம்போடு வெட்டி, காற்றாடும் இடத்தில் ஒன்றையொன்று தொடாமல் வைத்தால் இரண்டு மாதம் நிற்கும். காம்பு ஒடிந்ததை அந்த வாரமே அனுப்புங்கள்.

10. பங்குதாரர்களிடம் சொல்ல வேண்டியவை

பணம் வாங்கும் முன்பே மூன்று விஷயம் எழுத்தில் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கிழங்கும் பூசணியும்தான் அதிகம் வரும். மார்கழிக் கடைசி வரை தக்காளி இல்லை. வெளியிலிருந்து ஏதாவது வாங்கிப் போட்டால் எந்தக் காய், எங்கே வாங்கியது என்று அந்த வாரச் சீட்டில் இருக்கும்.

எல்லையின் இருபக்கமும் கூடை போகிறதென்றால் இரு பட்டியல் வையுங்கள். பாலக்காட்டு வீடுகளில் அச்சிங்கா, வெள்ளரி, கும்பளம் (வெண்பூசணி), சேனை கேட்பார்கள். கோவை வீடுகளில் கத்தரி, கீரை. எட்டில் இரண்டு வகையை மாற்றினால் போதும், பரப்பளவுக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் கிடையாது, காய் கூடுதலாகக் கேட்பார்கள். மிச்சம் இருந்தால் கொடுங்கள், ஐப்பசிக்கு ஒதுக்கிய பூசணியைத் தொட வேண்டாம்.

மழை பத்து நாள் முந்தினால் கீரையை விட்டுவிட்டு வடிகாலையும் கத்தரி நடவையும் முடியுங்கள். கீரையை எந்த வாரமும் விதைக்கலாம். மழை பிந்தினால் புதுப் பாத்திக்குக் காலையில் தண்ணீர் விட்டு, அடுத்த வார விதைப்பைத் தேதி மாற்றாமல் போடுங்கள்.